சோலையப்பனுக்கு ஒரு நாற்காலி

மகனே,

சோலையப்பனை நீ ஊரைவிட்டுத் துரத்திவிட்டாய். புத்தகத்தில் ஊர்க்காரர்கள் அவனை ஒருமுறை துரத்தினார்கள். உன் பரிசுக் கட்டுரையில் நீ இரண்டாம் முறை துரத்தியிருக்கிறாய். அவர்களாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு துரத்தினார்கள். நீ பாராட்டித் துரத்தினாய்.

இதைச் சொல்லி உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். அதற்குப் பதில் இல்லை, கல்யாணக் கடிதம்தான் வந்தது. அதனால் உன் கட்டுரையை அச்சிட்ட அதே பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன். நம் பெயர்களை எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் நமக்குள் இந்த வழக்கு தீரவேண்டும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, உன் அம்மா நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கிறாள், எனக்கும் உள்ளே மேளம்தான் கொட்டுகிறது. ஆனால் சந்தோஷத்திலும் என் குரல் இப்படித்தான் இருக்கும். நாற்பத்திரண்டு வயதாகியும் எனக்கு நிதானம் வரவில்லை என்பது உன் அம்மாவின் பழைய புகார்.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சோலையப்பன் ஒரு பழைய நாவலின் நாயகன். என் அப்பா காலத்தில் அச்சான புத்தகம். இப்போது காலேஜில் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு எங்கிருந்தோ வருகிற வைத்தியன் அவன். எந்த ஊர், யார் மகன் என்று புத்தகம் சொல்லவே சொல்லாது. ஊரில் விஷக்காய்ச்சல். வீடு வீடாகப் போய்க் குணப்படுத்துகிறான். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. மாலையில் ஆற்றுமணலில் தனியாக நடக்கிறான். மிராசுதாரின் தங்கை அவன்மேல் ஆசைப்படுகிறாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறான். காய்ச்சல் ஓய்ந்ததும் அவனுக்குச் சால்வை போர்த்த ஊர் ஒரு நாள் குறிக்கிறது. அன்று காலை அவன் ஆற்றைக் கடந்து போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை. அவன் ஏன் அப்படி முகம் இருண்டு திரிந்தான் என்பதுதான் காலேஜில் கேட்ட கேள்வி. 'பிறவியிலேயே தனிமையை வரித்துக்கொண்ட ஆன்மா' என்று நீ பதில் எழுதினாய். பரிசு கொடுத்தார்கள்.

உன் கட்டுரை வந்த பத்திரிகையை நான் ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். உரக்கப் படித்தேன். தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் என் பக்கத்துக் கட்டையில் சுரண்டுகிற சின்னப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நல்லாத்தான் கீது. நம்ம புள்ள எழுதனா நல்லா இல்லாம போவுமா? ஆனா இது யாரப் பத்தி?"

அவன் கேட்டதில் கிண்டல் இல்லை, நிஜமாகவே அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. சோலையப்பனை நம்மாள் என்று உனக்கு முதலில் காட்டியவன் சின்னப்பன். அவனுக்கே அடையாளம் தெரியாத சோலையப்பனை நீ எழுதியிருந்தாய்.

அந்தப் புத்தகம் நம்மிடம் வந்த விதம் உனக்குத் தெரியும். வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கிறவரிடம், நான் தைத்த ஒரு ஜோடி செருப்பைக் கொடுத்து வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, உனக்கு ஏழு. மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்ததால் ஷாப்பில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மத்தியானத்துக்கு மேல், சாய்ந்த மரக்கட்டைகளில் தோலைப் போட்டுக் குனிந்து சுரண்டுகிறபோது, ஒருவன் தோல் பதனிட வைத்திருக்கும் ஆவாரம்பட்டைக் குவியல்மேல் ஏறிப் படிப்பது என்று நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். படிக்கிறவன் பங்குத் தோலை மற்றவர்கள் சுரண்டிவிடுவார்கள். படிப்பு சலித்துப்போனால் கத்தியை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். என் கையில் நாலு மாதம் கத்தி வரவில்லை. பட்டை இடிக்கிற பக்கத்திலிருந்து உன் அம்மா புளியும் வெந்நீரும் கொண்டுவந்து என் கையைத் தேய்த்துக் கழுவிவிடுவாள், சுண்ணாம்பு புத்தகத்தில் ஒட்டக்கூடாது என்று. "கல்யாணத்துல கூட இவன் கைய நீ இவ்ளோ நேரம் புடிக்கல" என்று சின்னப்பன் கேலி செய்வான். எவ்வளவு கழுவியும் அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் என் கட்டைவிரல் பட்டைக் கறையோடு மஞ்சளாகப் பதிந்திருக்கிறது. காலேஜ் புத்தகத்தில் அது இல்லை. உன் கட்டுரையின் முதல் குறை அதுதான்.

இனி உன் கட்டுரைக்கு வருகிறேன். மிராசுதார் காய்ச்சலில் கிடக்கும்போது, அவர் மணிக்கட்டின்மேல் ஒரு பட்டுத்துணி இருக்கிறது. சோலையப்பன் துணியின்மேல் விரல் வைத்து நாடி பார்க்கிறான். 'உலகத்துக்கும் தனக்கும் நடுவே அவன் தானே விரித்துக்கொண்ட மெல்லிய திரை' என்று நீ எழுதியிருக்கிறாய். அழகான வாக்கியம். உன் அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அந்தத் துணி யாரு வூட்டுது?" என்றாள். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மிராசுதார் வீட்டுப் பெட்டியிலிருந்து வருகிறது துணி. வேலைக்காரன் கொண்டுவந்து போடுகிறான். சோலையப்பன் கையை நீட்டுவதற்கு முன்பே போட்டாகிவிட்டது. எழுத்துத் தெரியாத உன் அம்மா கேட்ட கேள்வியை, வேலூரில் உனக்குப் பரிசு கொடுத்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது, அவன் இரு கைகளையும் குவித்துத் தண்ணீர் குடிக்கிற இடம். இயற்கையின் குழந்தை என்கிறாய். அந்தக் காட்சி ஆற்றங்கரையில் நடக்கவில்லை மகனே. முன்சீப் வீட்டுக் கொல்லையில் நடக்கிறது. ஒருத்தி மேலிருந்து ஊற்றுகிறாள், இவன் குனிந்து ஏந்துகிறான். ஐந்து வயதில் நீயும் அப்படிக் குடித்திருக்கிறாய், ரயிலடிக்கு எதிரே இருந்த காபி கிளப்பின் பின்வாசலில். முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடி உன் சட்டை நனைந்தது. கூச்சமாயிருக்கிறதென்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று நீயும் இயற்கையின் குழந்தைதானா? முதல்முதலாக இந்தப் பக்கத்தை நான் ஷாப்பில் படித்தபோது அத்தனை கத்தியும் ஒரே சமயத்தில் நின்றது. சின்னப்பன் நிமிர்ந்து, "டேய், இவன் நம்மாளுடா" என்றான். அதற்குப் பிறகு ஒரே அமர்க்களம். ஆலங்காயம் பக்கத்து ஆள் என்றான் ஒருவன். மலையடிவாரத்தில்தான் பச்சிலை தெரிந்த வைத்தியர்கள் இருப்பார்களாம். இல்லை, குடியாத்தம் என்றான் இன்னொருவன். யாருக்கு அவன் சொந்தம் என்று இரண்டு நாள் சண்டை நடந்தது.

நம்மாள் என்று புத்தகத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று நீ கேட்பாய். எங்கேயும் எழுதவில்லை. ஊருக்கே அவன் ஜாதி தெரியாது. தெரியாதவனைத் தெரிகிறவரை கீழே வைத்துக்கொள்வது ஊரின் பத்திரம். இது உனக்குத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன்.

பிறகு நாங்கள் வேறொன்றைக் கவனித்தோம். அவன் எந்த வீட்டிலும் உட்காரவில்லை. அது ஷாப்பில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவன் ஒரு வாசலை மிதித்தான் என்று நான் படித்தால் போதும், "குந்தினானா?" என்று கேள்வி வரும். "இல்லை" என்பேன். "மேல படி." முழுப் புத்தகத்திலும் அவன் உட்கார்ந்தான் என்று ஒரு வரி கிடையாது. வண்டி அனுப்பினால்கூட வண்டிக்கு முன்னால் நடந்து போகிறான். மேஸ்திரி மஸ்தான் பாய், நாங்கள் வேலையைக் கெடுக்கிறோமென்று ஒருநாள் அதட்ட வந்தார். "அரே, இன்னா பேஜாரு இது, கத்தி சத்தத்த காணோம், கத சத்தம் ஜாஸ்தியா கீது" என்றார். நான் புத்தகத்தை மூடினேன். போகிறவர் வாசல்வரை போய்த் திரும்பி, "சரி, அந்த வைத்தியருக்கு நாற்காலி குட்த்தாங்களா இல்லியா?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவரும் தினம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சால்வை போர்த்துகிற அத்தியாயத்தை நீ இரண்டே வரியில் தாண்டிவிட்டாய். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு அத்தியாயம் முழுக்கப் பேசுகிறார்கள். எதைப் பற்றி? சால்வை போர்த்தினால் அவனை மேடையில் உட்கார வைக்கவேண்டும். எங்கே, யாருக்குப் பக்கத்தில்? கடைசியில் மிராசுதார் சொல்கிறார்: 'வைத்தியருக்கு நிற்பதுதான் சௌகரியம்.' எல்லாரும் தலையாட்டுகிறார்கள். மறுநாள் காலை அவன் போய்விடுகிறான். நீ அந்த மிராசுதாரை நம்பிவிட்டாய். நிற்பது அவன் சுபாவம் என்று எழுதி, அவர் சொன்னதையே ஆதாரமாகக் காட்டியிருக்கிறாய்.

இப்போது என் குற்றம். இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கடைசி அத்தியாயத்தை நான் முன்னாலேயே படித்துப் பார்த்துவிட்டேன். அவன் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். பட்டைக் குவியல்மேல் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தேன். அத்தனை பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். பெண்கள் உலக்கையை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள், கல்யாணம் இருக்குமென்று. 'சோலையப்பன் ஆற்றைக் கடந்தான்' என்று படித்தேன். அதோடு புத்தகம் முடிந்தது. என் வாய் முடியவில்லை. 'கடந்து ரயிலேறினான்' என்றேன். 'ஆம்பூரில் இறங்கினான். தோல் வாசனை வந்த திக்கில் நடந்தான். ஒரு ஷாப்பின் வாசலில் நின்று, இங்கே உட்காரலாமா என்று கேட்டான்.' அவ்வளவுதான், சின்னப்பன் கத்தியை வீசிவிட்டு ஓடி, ஒரு சாக்கைத் தட்டிப் போட்டு, "குந்து சாமி, குந்து" என்றான். உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு மறந்திருக்காது. மஸ்தான் பாய் வீட்டு அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து ஷாப்பு முற்றத்தில் கறிச்சோறு ஆக்கினோம். பாய்க்கு அப்போதுதான் விஷயம் தெரியும்.

"இன்னாப்பா விசேஷம்? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல பாய். வைத்தியரு குந்திட்டாரு."

"மாஷா அல்லா" என்று சொல்லி அவரும் உட்கார்ந்துவிட்டார். வரிசையின் நடுவில் சோலையப்பனுக்கு ஒரு இலை. இலைக்கு முன்னால் மடித்துப் போட்ட சாக்கு. அதற்குப் பக்கத்து இலை உன்னுடையது. அவன் இலையிலிருந்து ஒரு எலும்பை நீ உருவினாய். நான் அதட்டினேன். சின்னப்பன், "வுடு, அவுரு பேசாத ஆளு, ஒன்னும் சொல்லமாட்டாரு" என்றான். வருஷா வருஷம் அந்த இலை போட்டோம். நீ அதை நிஜமென்று நம்பி வளர்ந்தாய். நான் திருத்தவில்லை.

அதன் விலையை நீ கொடுத்தாய். காலேஜில் சேர்ந்த முதல் வருஷம், நூலகத்துப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நீ போய்ச் சண்டை போட்டிருக்கிறாய். சோலையப்பன் ஆம்பூருக்கு வருகிற பக்கங்கள் எங்கே என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாய். நூலகர் சிரித்தார், வகுப்பு சிரித்தது, அந்த வருஷம் முழுக்க உன்னை 'ஆம்பூர்ப் பதிப்பு' என்று கூப்பிட்டார்கள். இதை நீ என்னிடம் சொல்லவில்லை, பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. விடுமுறைக்கு வந்தபோது நம் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், அலமாரியில் வைத்தாய். அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டேன். மன்னித்துவிடு. முடிவை நான் பொய் சொன்னேன். அவனைப் பற்றி நான் படித்த மற்றதெல்லாம் அச்சில் இருக்கிறது. இந்தத் தடவை பக்கம் பக்கமாகச் சரிபார்த்துவிட்டேன்.

இன்னொரு குற்றமும் உண்டு. நீ கட்டுரையைக் காலேஜ் சபையில் படித்த அன்று நான் வேலூருக்கு வந்திருந்தேன். தூணோரம் நின்றேன். பின்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. உன் தோழன் ஒருவன், நல்ல பிள்ளை, ஓடிவந்து "உட்காருங்க" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல தம்பி, எனக்கு நிக்கறதுதான் சௌகரியம்." சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அப்போது மேடையில் நீ அதே வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருந்தாய். மிராசுதார் சொல்லவேண்டியதை நாமே சொல்லிக்கொள்ளும்படி நம்மை எப்படிப் பழக்கிவிட்டார்கள் பார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் நீ மேடையிலிருந்து என்னைப் பார்த்திருப்பாய்.

சரி, சந்தோஷமான விஷயத்துக்கு வருகிறேன். நீ கட்டப்போகிற எஸ்தர் வந்திருந்தாள். உன்னிடம் சொன்னாளோ இல்லையோ தெரியாது. போன சனிக்கிழமை பாகாயத்திலிருந்து தன் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரயிலில் வந்து, விசாரித்து விசாரித்து நேரே ஷாப்புக்கே வந்துவிட்டாள். மூக்கைப் பொத்தவில்லை. "வாசன ஜாஸ்திதான் மாமா, பொய் சொல்லமாட்டேன்" என்று சிரித்தாள். பட்டைச் சாக்கின்மேல் தானாகவே உட்கார்ந்தாள். உன் அம்மா பதறி, "புடவ கற ஆயிடும்மா" என்றாள். "ஆவட்டும் அத்த. இன்னா கறன்னு கேட்டா சொல்றதுக்குக் கத இருக்கே." பிறகு சின்னப்பனிடம் சோலையப்பன் கதையை ஆம்பூர் முடிவோடு முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "இவரும் அப்படித்தான் மாமா. எங்க வூட்டுக்கு வந்தா ஜன்னல் கிட்டயே நின்னுக்கினு இருக்காரு. பெரிய யோசனைக்காரருன்னு எங்கப்பா நெனச்சிக்கினு இருக்காரு. நாந்தான் ஒரு நாளு நாற்காலிய இழுத்துப் போட்டு, குந்துங்கன்னு சொன்னேன். டக்குன்னு குந்திட்டாரு. பலகாரம்கூட ரெண்டு தடவ கேட்டாரு."

ஷாப்பே சிரித்தது. நான் மட்டும் சிரிப்பை நடுவில் நிறுத்தினேன். உன் கட்டுரை முழுவதையும் அவள் ஒரே நாற்காலியில் முடித்துவிட்டாள். ஆன்மாவின் இருட்டு, பிறவித் தனிமை எல்லாம் ஒரு பெண் நாற்காலி போட்டதும் பலகாரம் கேட்டதென்றால், சோலையப்பனைப் பற்றி நீ இனி எழுத என்ன இருக்கிறது? மிராசுதாரின் தங்கை காதல் பாட்டுப் பாடியதற்குப் பதில் ஒரு மணையைப் போட்டிருந்தால் அந்தப் புத்தகம் வேறு மாதிரி முடிந்திருக்கும். நீ நல்ல இடத்தில் கட்டுகிறாய். அவள் சொன்னதைக் கேள். அவள் சிரிக்கும்போது கூடச் சிரி. ஜன்னல் பக்கம் போய் நிற்காதே. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, நான் பார்த்திருக்கிறேன், ஒரு முருங்கை மரம்தான்.

இனி உன் கடிதம். கல்யாணம் பற்றி நீ எழுதிய கடிதத்தைச் சொல்கிறேன். மிஷன் கோயிலில் தாலி கட்டு, பிறகு பெண்வீட்டுத் தோட்டத்தில் விருந்து, காலேஜ் மாஸ்டர்கள் வருவார்கள், நாற்காலி போட்டு மேஜை போட்டு நடக்கும் என்று எழுதியிருக்கிறாய். நைனாவும் அம்மாவும் முதல்நாளே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரி: 'ஷாப்பு ஆட்களுக்கு அங்கே கூச்சமாக இருக்கும். பிறகு ஒருநாள் ஆம்பூரில் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதுதான் அவர்களுக்குச் சௌகரியம்.'

அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தாய் என்று உனக்குத் தெரிகிறதா? இதைச் சின்னப்பனுக்கு நான் படித்துக் காட்டவில்லை. ஷாப்பில் நான் உரக்கப் படிக்காமல் மடித்து வைத்த முதல் காகிதம் உன் கடிதம்தான். அவன் வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டு உலர்த்திவிட்டான். மஸ்தான் பாய் புதுத் தொப்பி வாங்கிவிட்டார். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போனவன் சின்னப்பன். நான் உனக்குக் கதை படித்த நாலு மாதமும் என் பங்குத் தோலைச் சுரண்டியவர்கள் அவர்கள். அவர்கள் குனிந்திருந்ததால்தான் நான் உட்கார்ந்து படித்தேன், நீ கேட்டாய், இன்று எழுதுகிறாய். அவர்கள் வருவார்கள். பதினோரு பேர். முந்தின நாளே புளி போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வருவார்கள், இருந்தாலும் கொஞ்சம் வாசனையும் கூடவே வரும். ரயிலில் பாடிக்கொண்டு வருவார்கள். மாஸ்டர்களிடம் உன் குழந்தைக் கதைகளைச் சொல்லி உன் மானத்தை வாங்குவார்கள். எஸ்தருக்கு அது வேண்டுமாம், கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

நான் நிற்கமாட்டேன். இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் அம்மா நிற்கமாட்டாள். அவர்கள் பதினோரு பேரும் நிற்கமாட்டார்கள். தோட்டத்தின் ஓரத்தில், மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக இலை போட்டால் சாப்பிடமாட்டோம். அப்படியே ரயிலேறிவிடுவோம், ஊருக்குத் திரும்பி வந்து உன் பெயரைச் சொல்லி அண்டாவை ஏற்றிக்கொள்வோம். போகும்போது அழக்கூட மாட்டோம். எங்களுக்கு அந்த முடிவு மனப்பாடம்.

ஆக நாங்கள் பதிமூன்று பேர். சோலையப்பனுக்கும் ஒன்று வேண்டும் என்று சின்னப்பன் பிடிவாதமாக இருக்கிறான். பதினாலு. அது யாருக்கு என்று உன் மாமனார் கேட்டால், ஜன்னல் பக்கம் போய் நிற்காமல், மாஸ்டர்கள் காதில் விழும்படி நீயே சொல்லவேண்டும்.

பதில் கடிதத்தில் நலம் விசாரிக்க வேண்டாம், விளக்கம் வேண்டாம், மேற்கோள் வேண்டாம். முன்வரிசையில் எத்தனை நாற்காலி போடுகிறாய் என்று மட்டும் எழுது.